ஊருக்கே ஒரு ரிமோட்!

ஒரு சானலை மாற்ற யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கல்யாணமானவர்கள் இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல மாட்டார்கள், பெருமூச்சு விடுவார்கள். ஆகாதவர்கள் ‘அப்பாகிட்ட’ என்பார்கள். மேன்ஷன்வாசிகளோ, ‘முதல்ல ரிமோட்டுக்கு பாட்டரி யார் வாங்கறது, அதைச் சொல்லு’ என்று அடுத்த பிரச்னைக்குப் போய்விடுவார்கள்.

நான் கேட்பது இதைவிடக் கொஞ்சம் பெரிய ரிமோட்டைப் பற்றி. ஒரு ஊருக்கே சானல் மாற்றுகிற ரிமோட். நேற்று ராத்திரி வரை ஒரு நம்பரில் இருந்த சானல், காலையில் வேறு நம்பருக்குக் குடிபோயிருக்கும். அல்லது டவரே மூடப்பட்டு, திரையில் வெறும் புள்ளி மழை பெய்யும். இந்த ரிமோட் யார் கையில் இருக்கிறது? அமுக்குவதற்கு முன்னால் அவர் யாரையாவது கேட்க வேண்டாமா?

நியாயமான சந்தேகம்தானே? எனக்கு இது வந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு ஆயா.

சேலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை மேல் மேகம் தெரியுமில்லையா, அந்த மேகத்துக்குள்ளேதான் எங்கள் தலைச்சோலை. தினமும் காலையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஆபீஸ், சாயந்திரம் அதே 20 ஏறி வீடு. நாற்பது வளைவு வளைந்தவனுக்கு ஆபீஸில் மானேஜர் முன்னால் வளைவது பெரிய விஷயமில்லை.

ஆயாவுக்கு வயது எழுபத்தெட்டு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ரிமோட் மனப்பாடம். ‘ரெண்டாவது வரிசையில கடைசிப் பொத்தான், மூணாவது வரிசையில நடுப் பொத்தான்.’ அமுக்கினால் 68. நியூஸ் சானல். மழை வருமா, ரோடு திறந்திருக்கா, பேரன் படிக்கிற காலேஜுக்கு லீவா என்பதெல்லாம் அங்கேதான் அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். “ஏங் கண்ணு, சேதி சொல்ற புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ரெண்டு நாளா காணோமே?”

போய்ப் பார்த்தேன். 68-ல் ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டே பனீர் வெட்டிக்கொண்டிருந்தார். செய்தி சொல்கிற பெண், பூரண ஆரோக்கியத்துடன், 412-ல் இருந்தார். மூன்று இலக்கம். ஆயாவைப் பொறுத்தவரை அது வெளிநாடு.

கேபிள்கார அண்ணனைக் கேட்டேன்.

“மேல மாத்திட்டாங்க தம்பி. எனக்கே காலைலதான் தெரியும்.”

“மேலன்னா யாருண்ணா?”

அண்ணன் ஆகாயத்தைக் காட்டினார். சாட்டிலைட்டைச் சொன்னாரா, சர்வேஸ்வரனைச் சொன்னாரா தெரியவில்லை. இதை இப்படியே விடக்கூடாது என்று ‘மேலே’ யார் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சுவாரஸ்யமான கும்பல், ஸார்!

* * *

முதலில் கொஞ்சம் பௌதிகம். பயப்படாதீர்கள், ஒரே ஒரு கணக்குதான்.

டி.வி. அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிற பிராணி. மலையைச் சுற்றிக்கொண்டு வராது. நீங்கள் நிற்கிற உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டுபிடித்து, நாலால் பெருக்குங்கள். அத்தனை கிலோமீட்டர் தூரம் வரை உங்கள் ஆன்டெனாவுக்கு ‘கண்’ தெரியும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். வர்க்கமூலம் 39-க்குக் கொஞ்சம் குறைவு. ஆக, 155 கிலோமீட்டர். எதிர்ப்பக்கத்து டவரும் மலை மேல் இருந்தால் அதன் பார்வையும் சேர்ந்துகொள்ளும்.

சென்னையில் டெலிவிஷன் ஆரம்பித்தது 1975 ஆகஸ்ட் 15-ல். அதன் பிறகும் வெளியூர்க்காரர்களுக்குப் பல வருஷம் டி.வி. என்பது சென்னையில் இருக்கிற மாமா வீட்டு சமாச்சாரம். தெற்குச் சீமையில் நிறையப் பேர் முதலில் பார்த்தது 1982-ல் துவங்கிய இலங்கை ரூபவாஹினியைத்தான். கடல் தாண்டி வந்த அலையை பூஸ்டர் வைத்துப் பிடித்தார்கள். சிங்களத்தில் செய்தி, புரியாமலே பார்த்தார்கள். புரிந்துதான் பார்க்க வேண்டுமென்றால் நம்மில் பாதிப் பேர் பட்ஜெட் உரை பார்க்க முடியாது.

எங்கள் மலையில் முகட்டில் வீடு உள்ளவன் பாக்யசாலி. மூங்கில் கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, வடக்கே திருப்பி பெங்களூர், தெற்கே திருப்பி கொடைக்கானல் என்று வித்தை காட்டுவான். பள்ளத்தில் இருக்கிறவனுக்கு நடுவிலே ஒரு மேடு. அவனுக்கு எட்டுவது பாறையில் மோதித் திரும்பி வரும் அலைதான். நேர் அலையும் எதிரொலியும் சேர்ந்து வந்தால் திரையில் ஒவ்வொருவரும் இரண்டிரண்டு பேராகத் தெரிவார்கள். இதற்கு ‘கோஸ்ட்’ என்று பெயர். தூர்தர்ஷனில் மகாபாரதம் ஓடின காலத்தில் இந்த மாதிரிப் பள்ளங்களில் கௌரவர்கள் இருநூறு பேர்!

இதற்கு வைத்தியமாகத்தான் குட்டி டிரான்ஸ்மிட்டர்கள் வந்தன. 1984-ல் தினம் ஒன்று என்ற வேகத்தில் நாடு பூராவும் நட்டார்கள். ஆரம்பத்தில் அவற்றின் சக்தி 100 வாட். ஆமாம், நம் வீட்டுப் பழைய குண்டு பல்பு எவ்வளவோ அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு சுற்றிலும் பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு ஒளியும் ஒலியும் காட்டினார்கள். பெரிய டவர்கள் 10 கிலோவாட், நூறு மடங்கு.

இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே சானலில் பேசினால் நடுவில் இருப்பவனுக்கு இரண்டுமே தெரியாது. ஆகவே எந்த ஊருக்கு எந்த சானல், எத்தனை வாட் என்று ஒருவர் பிரித்துக் கொடுக்க வேண்டும். டெல்லியில் இதற்காகவே 1952-லிருந்து ஒரு பிரிவு இருக்கிறது. அவர்கள் அலைவரிசை ஒதுக்காமல் யாரும் ஒரு வாட்கூட விடக்கூடாது. நீங்களும் நானும் ஆசைப்பட்டு மேட்டின் மேல் ஒரு ரிலே வைத்தால், 1885-ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டப்படி அது குற்றம். 2023-ல் புதுசாகத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் ஆசைக்கு அதிலும் இடமில்லை.

‘நம்ம ஊரில்தான் இப்படி’ என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவிலும் மலைவாசிகளுக்கு இதே தலைவலிதான். 1950-களில் அங்கே பள்ளத்தாக்குக்காரர்கள் தாங்களே காசு போட்டு, மலை உச்சியில் லைசென்ஸ் இல்லாமல் பூஸ்டர் வைத்தார்கள். மத்திய ஆணையம் மூடச் சொன்னது. கொலராடோ மாநில கவர்னர் எட்வின் ஜான்சன் 1956-ல் ஒரு காரியம் செய்தார். பூஸ்டர் வைத்திருந்தவர்களையெல்லாம் தன்னுடைய தகவல் தொடர்பு ஊழியர்கள் என்று சொல்லி அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டார்! கடைசியில் 1960-ல் அவற்றை முறைப்படுத்த வழி பிறந்தது. ‘உன் பூஸ்டரால் அடுத்தவனுக்குத் தொந்தரவு வரக்கூடாது, அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால் நீ பார்க்கலாம்’ என்று.

நல்ல சட்டம் என்பது இதுதான். அலைவரிசைக்கு ஒழுங்கு வேண்டும். அதே சமயம் பள்ளத்தில் இருப்பவனுக்குப் படமும் வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தால் அது பாதிச் சட்டம்.

* * *

சரி, நம்ம ஊர் கேபிளுக்கு வருவோம்.

1990-களில் கேபிள் மலையேறியது. மேட்டில் ஒரு டிஷ், அங்கிருந்து சில்வர் ஓக் மரத்துக்கு மரம் ஒயர். காப்பித் தோட்டத்துக்கு நிழல் தருவதற்கு நட்ட மரம், டி.வி. பார்க்கவும் உதவியது. ஒயரில் குரங்கு ஊஞ்சலாடினால் படமும் ஆடும். இடி இடித்தால் ஆம்ப்ளிஃபயர் அவுட்.

அரசாங்கம் 1995-ல் கேபிளுக்குச் சட்டம் கொண்டுவந்தது. கேபிள் நடத்துகிறவர் எங்கே போய்ப் பதிவு செய்ய வேண்டும் தெரியுமா? தலைமைத் தபால் நிலையத்தில்! சிரிக்காதீர்கள். அதற்கு முந்தி, 1980-களின் நடுப்பகுதி வரை, வீட்டில் ரேடியோ டி.வி. வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ் கட்டணத்தையும் தபால் ஆபீஸில்தான் கட்டிக்கொண்டிருந்தோம். தபால் ஆபீஸுக்கும் டி.வி.க்கும் அப்படி ஒரு பூர்வ ஜென்ம பந்தம். 2025 ஜனவரியில்தான் அது அறுந்தது. இப்போது பதிவெல்லாம் ஆன்லைனில், நேராக ஒலிபரப்பு அமைச்சகத்திடம்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 2000-ல் செய்த திருத்தம். தூர்தர்ஷனின் இரண்டு தரைவழிச் சானல்களையும் ஒரு மாநில மொழிச் சானலையும் கேபிள்காரர் காட்டியே ஆக வேண்டும். அதுவும் ‘பிரைம் பேண்டில்’ வைத்துக் காட்ட வேண்டும். அதென்ன பிரைம் பேண்ட்? பழைய டி.வி.களில் பத்துப் பன்னிரண்டு பொத்தான்தான். முதல் வரிசை நம்பர்களில் இருந்தால்தான் எல்லா வீட்டிலும் தெரியும், படமும் தெளிவாக இருக்கும். கடைசிக்குத் தள்ளிவிட்டால் இருந்தும் இல்லாத மாதிரி. சினிமாவில் ஹீரோவுக்கு நண்பனாக வருபவர் மாதிரி.

இதைத் தெரிந்துகொண்ட சானல்காரர்கள், நல்ல இடத்துக்காகக் காசு கொடுக்க ஆரம்பித்தார்கள். ரயிலில் ஜன்னல் சீட்டுக்குக் கர்ச்சீப் போடுகிற கதைதான், கர்ச்சீப் மட்டும் கொஞ்சம் பெரிசு. பணம் வந்தால் சானல் முன்னே வரும். நின்றால் பின்னே போகும். பார்க்கிறவன் காலையில் எழுந்து தேடிக்கொள்ள வேண்டியது.

2011 செப்டம்பரில் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது. 2017-லிருந்து அதன் செட்டாப் பாக்ஸ். பாக்ஸ் வந்ததும் பிரைம் பேண்டுக்கு அர்த்தம் போய்விட்டது. எல்லா சானலும் ஒரே தெளிவு. ஆனால் நம்பர் ஆயிரம் வரை நீண்டுவிட்டது. இப்போது மறைத்து வைக்க பேண்ட் வேண்டாம், மூன்று இலக்கம் போதும்.

இதற்கும் விதி உண்டு, ஸார்! அதைப் படித்தபோதுதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ட்ராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2017-ல் போட்டது. ஒவ்வொரு சானலுக்கும் ஒரே ஒரு நம்பர். ஒரே ரகச் சானல்கள் ஒரே இடத்தில். செய்திக்கு நடுவில் பனீர் வரக்கூடாது. ஒரு சானலுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிட்டால் குறைந்தது ஒரு வருஷத்துக்கு அதை மாற்றக்கூடாது.

ஒரு வருஷம்! ஒரு நம்பர் ஒரு இடத்தில் நிற்க வேண்டும் என்று டெல்லியில் யாரோ ஒரு மகானுபாவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். நம் ஆயா மாதிரி ஒரு பாட்டி அவர் வீட்டிலும் இருந்திருக்க வேண்டும்.

கேபிள்கார அண்ணனிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். “அப்படி ஒரு ரூல் இருக்கா தம்பி? எங்ககிட்ட யாருமே சொல்லலியே?”

இதுதான் சமாச்சாரம். விதி இருக்கிறது. அது பார்க்கிறவனுக்கும் தெரியாது, ஒயர் இழுக்கிறவனுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத விதி, பரணில் போட்ட குடை மாதிரி. மழை பெய்யும்போது ஞாபகம் வராது.

* * *

மழை என்றதும் ஞாபகம் வருகிறது.

2024 டிசம்பர் ஆரம்பத்தில் பெஞ்சல் புயல் எங்கள் பக்கம் மழையாகக் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தலைச்சோலையில் என் வீட்டுப் பக்கம் கரண்ட் போனது, கேபிள் போனது, செல்போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது. அந்த மாதிரி ராத்திரியில் ‘ரோடு திறந்தாச்சா’ என்ற ஒரு வரிச் செய்திக்கு இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியாது. பாட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டி, ஒரு கம்பி ஆன்டெனா, எங்கேயோ ஒரு டவர் – இந்த மூன்றும் இருந்தால் நடுவில் ஒயர் தேவையில்லை. மரம் விழுந்து அறுப்பதற்கும் ஒன்றுமில்லை.

அந்த டவர்களைத்தான் மூடிவிட்டார்கள். பிரசார் பாரதி 2021-ல் அறிவித்து, 2022 மார்ச்சுக்குள் நாடு பூராவும் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்தியது. லடாக், சிக்கிம், அந்தமான் மாதிரி முக்கியமான இடங்களில் ஐம்பது மட்டும் மிச்சம். காரணம் சொன்னார்கள்: பழைய டெக்னாலஜி, அலைவரிசை வேறு உபயோகத்துக்கு வேண்டும், வருஷத்துக்குச் சுமார் 100 கோடி ரூபாய் மிச்சம். நியாயமான காரணங்கள்தான். பத்து வீட்டில் ஒன்பது வீடு கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் போன பிறகு ராத்திரி பகலாக டவரை எரிப்பது வீண்தான். நானே ஆபீஸராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மாற்று ஏற்பாடும் உண்டு. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் ஆரம்பித்த ஃப்ரீ டிஷ். மாதச் சந்தா கிடையாது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கி வைத்தால் போதும். எங்கள் மலையிலிருந்து அந்த சாட்டிலைட் தென்கிழக்கே, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில், 60 டிகிரிக்கும் மேலே இருக்கிறது. மேடு மறைக்காது. பழைய பள்ளத்துப் பிரச்னை போயே போச்சு! நெருக்கமாக நிற்கிற சில்வர் ஓக் மட்டும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தப் பத்தாவது வீட்டுக்கு இதை யார் போய்ச் சொன்னார்கள்? எனக்குத் தெரிந்து எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. ‘டி.வி. ரிப்பேர்’ என்று சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர் ஒருவரை எனக்குத் தெரியும். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, ‘பெட்டி நல்லாத்தாங்க இருக்கு, ஊர்லதான் கோளாறு’ என்றாராம்.

மற்ற தேசங்களும் மூடின. எப்படி மூடின என்று பாருங்கள். பிரிட்டனில் 2007-ல் வொயிட்ஹேவன் என்ற சின்ன ஊரில் ஆரம்பித்து, ஊர் ஊராக, 2012 வரை நிதானமாக மூடினார்கள். 75 வயது தாண்டியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் பெட்டி மாட்டித் தரத் தனியாக ஒரு திட்டம். அமெரிக்காவில் பெரிய டிரான்ஸ்மிட்டர்கள் 2009 ஜூன் 12-ல் நின்றன. அதற்கு முன்பே, மாற்றுப் பெட்டி வாங்க 40 டாலர் கூப்பன். மலைக் கிராமத்துச் சின்ன ரிலேக்களுக்கு மட்டும் 2021 ஜூலை வரை அவகாசம். பன்னிரண்டு வருஷம்! கனடாவில் அரசு ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி. 2012-ல் அறுநூறுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்தியது. அதற்கு முன் ஆணையம் ஜனங்களிடம் கருத்துக் கேட்டது. பலர் எதிர்த்து எழுதினார்கள். கேட்டும் மூடத்தான் செய்தார்கள். ஆனால் கேட்டார்கள்.

அந்த ‘கேட்டார்கள்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1995 பிப்ரவரியில் நம் சுப்ரீம் கோர்ட் ஒரு கிரிக்கெட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாட்சை யார் ஒளிபரப்புவது என்று ஆரம்பித்த சண்டை. முடிவில் நீதிபதிகள் சொன்னது: அலைவரிசை பொதுச்சொத்து. சர்க்காருடையதும் இல்லை, கம்பெனியுடையதும் இல்லை. ஆகாயத்தில் எனக்கும் ஆயாவுக்கும் பங்கு உண்டு என்று அர்த்தம். பங்காளியைக் கேட்காமல் வேலியை மாற்றினால் கிராமத்தில் என்ன நடக்கும்? இங்கே மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டு ‘மேல மாத்திட்டாங்க’ என்றால்?

பெரிசாக எதுவும் கேட்கவில்லை. நம்பர் மாற்றுவதானால் பழைய நம்பரில் பத்து நாள் ஒரு அறிவிப்பு ஓடட்டும். எழுத்தில் மட்டும் இல்லை, குரலிலும். படிக்கத் தெரியாதவர்களும் சந்தா கட்டுகிறார்கள். டவரை மூடுவதானால் பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு நோட்டீஸ், கிராம சபையில் ஒரு வார்த்தை. அதற்குக் கோடிகள் ஆகாது. மைக் செட் வாடகைதான்.

இது இனிமேலும் வரப்போகிற விஷயம். டவரிலிருந்து நேராக செல்போனுக்கே டி.வி. அனுப்புகிற முறையை பிரசார் பாரதி, ஐ.ஐ.டி. கான்பூருடன் சேர்ந்து சோதித்துப் பார்த்திருக்கிறது. நெட் வேண்டாம், டேட்டா வேண்டாம். வந்தால் மறுபடி டவர், மறுபடி அலைவரிசை, மறுபடி ‘உங்க ஊர் பள்ளத்துல இருக்கு ஸார்’. அப்போதாவது முதலில் மலையைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த தடவை உங்கள் சானல் ராத்திரியில் இடம் மாறினால், கேபிள்கார அண்ணனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பாவம், அவருக்கும் காலையில்தான் தெரியும். கம்பெனியின் குறைதீர்ப்பு நம்பருக்குப் போன் போட்டு, ‘இந்த நம்பரை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், ஒரு வருஷம் ஆயிற்றா?’ என்று மட்டும் கேளுங்கள். எதிர்முனையில் ஒரு நீண்ட மௌனம் வரும். பிறகு, ‘லைன்ல இருங்க ஸார்’ என்று ஒரு மியூசிக். அதுவும் சரிப்படவில்லையா, எழுதிப் போடுங்கள்.

தபால் ஆபீஸுக்கும் டி.வி.க்கும் இருந்த பந்தம் அறுந்தாலும் போஸ்ட் கார்டு இன்னும் விற்கிறார்கள்!